அடையாளம் சொன்னவர்

செண்பகத்தோப்பில் வனக்காவலராக இருந்த சோணைமுத்துவுக்குச் சம்பளத்தைவிடப் பெரிதாகத் தெரிந்தது ஒரே ஒரு வரி. ராஜபாளையத்துக் கல்லூரியில் தாவரவியல் நடத்திய ஆராவமுதன், மாணவர்களோடு மலையேறிக் கொடி, செடிகளைப் பறித்துப்போய் அட்டையில் ஒட்டி வைப்பார். அட்டையின் அடியில் ‘அடையாளம் சொன்னவர்’ என்று ஒரு வரி. எண்பத்தைந்தாம் வருடத்திலிருந்து அந்த வரியில் சோணைமுத்து பெயர்தான். நரிப்பயறு எது, காட்டுப்பயறு எது என்று மாணவர்கள் முழிக்கும்போது, “இலையப் பாருங்கலே, நரிப்பயறுக்கு மூணு வெட்டு இருக்கும்” என்பார். அந்த மலையே தன் பெயருக்குப் பட்டாவான மிதப்பு அதில் இருக்கும்.

எண்பத்தொன்பதில் ஆடு மேய்க்கும் வெள்ளைத்தாய் வந்து அதைக் கெடுத்தாள். அவருக்குப் பிடிபடாத ஒரு கொடிக்கு அவள் போகிறபோக்கில் பெயர் சொன்னாள். அதிலிருந்து அடுத்தடுத்து மூன்று அட்டைகளில் அவள் பெயர். சோணைமுத்துவுக்கு வயிறு எரிந்தது. ஆடு மேய்க்க வந்தவள் ஆட்டை மேய்க்க வேண்டியதுதானே! வீட்டில் சோறுகூட இறங்கவில்லை.

தை மாதம் ஒருநாள். மரத்திலிருந்து ஒரு கொடி, மூன்று மூன்று இலையாகத் தொங்கியது. ஆராவமுதன் அதைக் காட்டிப் பெயர் கேட்டார். அவள் வாய் திறப்பதற்குள் முந்திக்கொண்டார்.

“காட்டவரை சார்.”

“இல்ல சார், பூனைக்காலி” என்றாள் வெள்ளைத்தாய். “இலைக்கு அடியில பாருங்க, பூனைமயிர் கணக்கா வெள்ளையா இருக்கும். அண்ணாச்சி, இழுத்துராதிய, மேல காய் காஞ்சு கெடக்கும்.”

“ஏட்டி, எனக்கே சொல்லித்தாரியா?” என்று இரண்டு கையாலும் கொடியைப் பிடித்து இழுத்தார்.

காய்ந்த காய்களின் மேலிருந்த சுணைமயிர் அத்தனையும் அவர் தலையில் கொட்டியது. கழுத்து, முதுகு, அக்குள் என்று அரிப்பெடுத்து, காக்கிச் சட்டையைக் கழற்றி வீசிவிட்டு அவர் போட்ட ஆட்டத்தில் மாணவர்கள் பாறையில் உருண்டு சிரித்தார்கள். வெள்ளைத்தாய்தான் ஓடிப்போய் மாட்டுச்சாணி அள்ளிவந்து பூசச் சொன்னாள்.

ஆராவமுதன் பேனாவைத் திறந்தார். “இதுக்கு யார் பேரை எழுதறது?”

“அண்ணாச்சி பேரையே எழுதுங்க சார். நான் வாயாலதான சொன்னேன். அவிய உடம்பாலயில்ல சொல்லிட்டாவ!”

கல்லூரியில் இன்றைக்கும் நாற்பது அட்டைகளில் சோணைமுத்து பெயர் இருக்கிறது. தொண்ணூற்றாறில் ஓய்வுபெற்ற பிறகு, வீட்டுக்கு வரும் சொந்தக்காரர்களையெல்லாம் கூட்டிக்கொண்டுபோய்க் காட்டுவார். பூனைக்காலி அட்டை வந்தால் மட்டும், அதை முதுகால் மறைத்துக்கொண்டு நின்று பேசுவார்.