தவமலர் ரீச்சர் தெரிந்தெடுத்த சூரியன்

வட்டுக்கோட்டையில் என் வீட்டுப் படலையடியில் சைக்கிளை நிறுத்திய சக ஆசிரியர் இறங்கவில்லை. “தவமலர் ரீச்சர் விடிய மோசம் போயிட்டா” என்று சாவுச் செய்தி சொன்னார். வெயில் கொளுத்திக்கொண்டிருந்தது. சூரியன் பார்க்க நல்ல நாள் என்றுதான் எனக்கு முதலில் தோன்றியது. அவரோடு பழகியவர்களுக்கு இந்த எண்ணம் விசித்திரமாக இராது.

எண்பத்துமூன்று இனக்கலவரத்தில் கொழும்பிலிருந்து அகதியாகக் கப்பலில் வந்தபோது, அவர் காப்பாற்றிக் கொண்டுவந்த சாமான் ஒரு சிறு தொலைநோக்கி. எங்கள் பாடசாலையில் புவியியல் படிப்பித்தார். ஆசிரியர் அறையில் எனக்குப் பக்கத்து நாற்காலி. உலகமெல்லாம் இரவில் வானம் பார்க்க, நீங்கள் மட்டும் ஏன் பகலில் என்று ஒருநாள் கேட்டேன்.

“ராவிலை வீட்டு முத்தத்திலை நிக்கேலாத ஊரிலை, பகலிலை தெரியிற நட்சத்திரம் ஒண்டு கிடக்குத்தானே, மாஸ்டர்” என்றார்.

மின்சாரம் வந்தும் போயும் கொண்டிருந்த காலத்தில், லண்டனிலிருந்த தம்பியார் அவருக்கு ஐதரசன் வாயுவின் சிவப்பொளியை மட்டும் விடும் வடிகட்டி ஒன்று அனுப்புவதாக எழுதினார். இரண்டு வகை உண்டு, ஒன்றைத்தான் அனுப்பலாம். ஒருவகைக்கு மின்சாரம் வேண்டாம். ஆனால் சூரியனின் விளிம்பில் எழும் தீநாக்குகள் மாத்திரமே அதில் தெரியும். மற்றது சூரியனின் முகம் முழுவதையும் காட்டும். அதை எப்போதும் ஒரே சூட்டில் வைத்திருக்க மின்சாரம் வேண்டும். இரசாயனம் படிப்பிக்கிற மிடுக்கில் நான் முதலாவதைச் சொன்னேன். எருமை வாங்க முன்னம் நெய் விலை பேசுகிறதா என்றும் கேட்டேன். அவர் அசையவில்லை.

“விளிம்பைப் பாத்தால் ஆளைப் பாத்ததாகுமே? முகத்தைப் பாக்கவேணும்.”

பொதி வந்து சேர்ந்தது. தொண்ணூறில் மின்சாரம் அடியோடு நின்றது. சூரியன் அலுமாரிக்குள் சுகமாக இருக்கிறாரோ என்று நான் பகிடி பண்ணுவேன், அவரும் சிரிப்பார். ஒருநாள் சிரிக்கவில்லை. வைத்தியர் அவருடைய இருதயம் பலவீனம் என்று சொல்லியிருந்தார்.

“நான் பிழையாத் தெரிஞ்செடுத்திட்டன் போலை. ஒருக்காவும் பாக்காமல் போயிடுவனோ எண்டுதான் பயமாக் கிடக்கு” என்றார். அதற்குப் பிறகு எனக்குப் பகிடி வரவில்லை.

அவருடைய கணவர் இராசையா அண்ணை வானொலி திருத்துபவர். வீட்டுக்கு வீடு சைக்கிள் டைனமோவில் செய்தி கேட்ட காலம் அது. வானொலி பாடுமென்றால் இது ஏன் சூடாகாது என்று அவர் வடிகட்டியின் சூடாக்கியை மாற்றிக் கட்டி, தலைகீழாக நிறுத்திய சைக்கிளில் இரண்டு டைனமோ பூட்டினார். மிதியைக் கையால் சுற்றுவது என் வேலை. வானத்தை நோக்கி நீட்டிய குழாயை இராணுவத்தின் ஹெலியில் இருப்பவன் என்னவென்று நினைப்பானோ? ஆகவே படலையடியில் நின்று காது கொடுப்பது இராசையா அண்ணையின் வேலை. பாதி நாட்கள் இரைச்சல் கேட்டு எல்லாவற்றையும் அள்ளிக்கொண்டு உள்ளே ஓடுவதிலேயே போயின.

முதல் முறை சரிவந்த அன்று ரீச்சர் குழாயிலிருந்து கண்ணை எடுக்கவேயில்லை. என்ன தெரிகிறது என்று மூச்சிரைக்கக் கேட்டேன்.

“கறுப்பு நூல் ஒண்டு கிடக்கு, மாஸ்டர். நூலில்லை, அந்தரத்திலை நிக்கிற தீ.”

அன்று அவர் கண்ணைத் துடைத்தார். வெயிலால் என்றார், நாங்களும் நம்பியதாகக் காட்டிக்கொண்டோம்.

அவர் இருந்தவரை நான் ஒருபோதும் பார்க்கவில்லை. கையை எடுத்தால் சூடு இறங்கி நூல் மறைந்துவிடும். அவரைச் சுற்ற விட வைத்தியர் சம்மதியார், அண்ணையோ படலையை விட்டு வர முடியாது. பார்க்கச் சொல்லி ரீச்சர் கேட்கும்போதெல்லாம் கரண்ட் வரட்டும் என்பேன்.

எட்டாம் நாள் சடங்கான எட்டுச் செலவுக்கு, யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியில் இருந்த அவர்கள் வீட்டுக்குப் போனேன். பந்திக்குப் பிறகு இராசையா அண்ணை சைக்கிளை முற்றத்தில் தலைகீழாக நிறுத்தினார்.

“இண்டைக்கு நான் சுத்திறன். நீங்கள் பாருங்கோ.”

“ஹெலிச் சத்தத்தை ஆர் கேக்கிறது, அண்ணை?”

“அதை அவ கேப்பா” என்று சொல்லிவிட்டு மிதியைப் பிடித்தார்.

கண்ணை வைத்தேன். முதலில் வெறும் சிவப்பு. அண்ணை சுற்றச் சுற்ற அது மெல்லத் தெளிந்து, குறுக்கே ஒரு கறுப்பு நூல் எழுந்து நின்றது. விளிம்பை மட்டும் பார்த்திருந்தால் இதைக் கண்டிருக்க மாட்டேன்.

நீங்கள் தெரிந்தெடுத்தது பிழையில்லை, ரீச்சர். முகத்தைப் பார்த்துவிட்டேன். போய்வாருங்கள்.