அப்பாவின் திண்டிவனம் டிக்கெட்

அப்பாவை முதலில் சந்தேகப்பட்டது நான்தான், அம்மா இல்லை. அந்தப் பெருமையை அம்மாவுக்கு விட்டுக்கொடுக்க மாட்டேன். அப்போது எனக்குப் பத்து வயது.

துணி ஊற வைக்கும்போது சட்டைப் பைகளைத் துழாவுவது வீட்டில் என் வேலை. ஒருநாள் அப்பாவின் பையில் ரயில் டிக்கெட் ஒன்று இருந்தது. எங்கள் ஊரிலிருந்து திண்டிவனத்துக்கு, ஒரு ஆள், அன்றைய தேதி. அப்பாவோ நாள் முழுக்க மல்லாட்டைக் கொல்லையில் கடலைச் செடிகளுக்கு நடுவே களை எடுத்துக்கொண்டிருந்தார். மறுநாளும் பையில் ஒரு டிக்கெட். அதற்கு மறுநாளும்.

எங்கள் ஊர் ஸ்டேஷனில் ஒரு டிக்கெட் ஜன்னலும் வேப்பமரமும்தான் உண்டு. விழுப்புரத்திலிருந்து வரும் பாசஞ்சர் காலையில் ஒரு நிமிஷம் நிற்கும். அக்கா அதில்தான் திண்டிவனத்துக் காலேஜுக்குப் போவாள். அப்பா அவளை மொபெட்டில் கொண்டுபோய் விடுவார். அக்காவிடம் சீசன் டிக்கெட் இருக்கிறது. அப்படியானால் இது யாருக்கு? தினமும் சீரியல் பார்க்கிற எனக்கு விடை கண்டுபிடிக்க வெகுநேரம் ஆகவில்லை. அப்பா எவளோ ஒருத்தியை வண்டி ஏற்றி அனுப்புகிறார். அவள் டிக்கெட் எப்படி அப்பாவின் பைக்குத் திரும்பியது என்றெல்லாம் சீரியலில் யாரும் கேட்பதில்லை.

அம்மாவிடம் வத்தி வைத்தேன். களி கிண்டிக்கொண்டிருந்தவள் துடுப்போடு அப்படியே நின்றுவிட்டாள். அன்றைக்கு அப்பாவின் தட்டில் களி விழுந்தது. பக்கத்தில் தண்ணீர்ச் செம்பு டங்கென்று விழுந்தது.

மறுநாள் காலை அப்பா கிளம்பியதும் என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு குறுக்கு வழியில் நடந்தாள். "எவளா இருந்தாலும் இன்னைக்கு ரெண்டுல ஒண்ணு பாத்துடறேன். அப்புறம் திருவாமாத்தூருக்கு, எங்கம்மா வூட்டுக்கே போயிடறேன்" என்றாள். வேணாம்மா, வூட்டுக்குப் போலாம் என்று நான் கையை உருவப் பார்த்தேன்.

வேப்பமரத்துக்குப் பின்னால் நின்று பார்த்தோம். அப்பாவோடு இன்னும் ஐந்தாறு ஆண்கள் வரிசையில் நின்று டிக்கெட் வாங்கினார்கள். வண்டி வந்தது. அக்காவும் வேறு இரண்டு பெண்களும் மட்டும் ஏறினார்கள். வண்டி போனதும் ஆண்கள் டிக்கெட்டை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு கொல்லைக்குக் கிளம்பினார்கள்.

அம்மா பாய்ந்து போய் அப்பாவை மறித்தாள். "ஏறாத வண்டிக்கு எதுக்கு டிக்கெட்டு? யாருக்குய்யா தெனம் வாங்கிக்கினு இருக்க?"

அப்பா தலையைக் குனிந்தார். "டிக்கெட்டு விக்கலன்னா இனிமே வண்டி இங்க நிக்காதுன்றாங்க. மூணு வூட்டுப் பொண்ணுங்க படிக்கப் போவுது. அதான் அப்பனுங்க, மாமனுங்கன்னு ஆளுக்கு ஒண்ணு வாங்கறோம்."

"அத எங்கிட்ட சொன்னா இன்னா?"

"சொன்னா, படிச்சது போதும், கட்டிக் குடுத்துடலாம்னு நிப்ப."

அது உண்மைதான். அந்த மாசம் முழுக்க அம்மா அதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தாள். இப்போதோ முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு ஜன்னலுக்குப் போய், "திண்டிவனத்துக்கு ஒண்ணு குடுங்க" என்றாள். வாங்கி என் கையில் வைத்தாள். "பத்திரமா வெச்சிக்க. இது உன்னுது."

வண்டி போன பிறகு டிக்கெட் வாங்கித் தருகிறாளே, என்னை ஏமாற்றுகிறாள் என்று வீடுவரைக்கும் அழுதுகொண்டே போனேன். எட்டு வருஷம் கழித்து அதே பாசஞ்சரில் நானும் காலேஜுக்கு ஏறுவேன் என்பதோ, அதுவரை அந்த வண்டியை நிற்கவைக்க அம்மாவும் டிக்கெட் வரிசையில் சேர்ந்துவிட்டாள் என்பதோ அந்தப் பத்து வயதுச் சந்தேகப் பிராணிக்குத் தெரியவில்லை.