சண்டைக்குப் பின்னால் போன அம்மா

எங்கள் கௌபாய் குறும்படத்தை எடிட் செய்தவர், திண்டிவனத்தில் கல்யாண வீடியோக்களைத் தொகுத்துக் கொடுக்கிறவர். ஒல்லியான மனிதர், கழுத்தில் எப்போதும் ஹெட்போன். திரையில் புதிதாக ஒரு முகம் வந்தால் போதும், "வாங்க, வாங்க" என்று முணுமுணுப்பார்.

செஞ்சிப் பாறைகளுக்கிடையே எடுத்த துப்பாக்கிச் சண்டையை அன்று போட்டுக் காட்டினார். இருவர் முறைத்துக்கொண்டு நிற்க, பின்னால் மல்லாட்டை, அதுதான் வேர்க்கடலை, நிறைந்த கூடையோடு ஓர் அம்மா கேமராவைப் பார்த்துச் சிரித்தபடி நடந்து போனார். எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது.

"இந்தம்மா இல்லாத டேக் இருக்குதேண்ணா?"

"இருக்குது சார். இதுலதான் அவங்க மொகம் நல்லா தெரியுது."

"இது கல்யாண வீடியோ இல்லண்ணா!"

அவர் மவுஸிலிருந்து கையை எடுத்தார்.

"என் கல்யாண வீடியோவுல எங்கம்மா எங்கியுமே இல்ல சார். சமையக்கட்டுக்கும் பந்திக்கும் ஓடிக்கினே இருந்தாங்க. ஒரே ஒரு வாட்டி மேடைக்குப் பின்னால போனாங்க. எடஞ்சலா இருக்குதுன்னு எடிட்டர் அத கட் பண்ணிட்டாரு. இப்ப அவங்களும் இல்ல." மறுபடி மவுஸைப் பிடித்து, "நீங்க சொன்னா இத எடுத்துடறேன்" என்றார்.

"இருக்கட்டும்ணா" என்றேன்.

விழுப்புரத்தில் படத்தைத் திரையிட்டபோது, சண்டைக்கு நடுவே கூடையோடு அந்த அம்மா வந்ததும் அரங்கமே சிரித்தது. என் பக்கத்தில் இருந்த எடிட்டர் மட்டும் சிரிக்கவில்லை. வழக்கமான "வாங்க, வாங்க"வும் வரவில்லை.

"வாம்மா" என்றார், மெதுவாக.