இடம் மாறிய கொம்புகள்

செம்மேட்டில் ஒரு டிடிபி கடையில் மேனகா பத்து வருஷமாகப் புத்தகம் வடிவமைத்து வந்தாள். 2009-ல் ஒரு விவசாயிகள் சங்கம் தன் ‘மிளகு சாகுபடி’ கையேட்டை மின்நூலாகக் கேட்டது. அவள் மாற்றிப் பார்த்தால் தமிழுக்குப் பதில் புரியாத ஆங்கிலக் குறிகளாக வந்தன. மூன்று நாள் போராடியும் சரியாகவில்லை.

கடைக்குப் புதிதாக வந்த மெஹ்ரின், “இது பழைய எழுத்துருங்கக்கா, யூனிகோடுக்கு மாத்தணும்,” என்று ஒரே மணி நேரத்தில் தமிழை வரவழைத்துவிட்டாள். முதலாளி அவளை வாய் நிறையப் பாராட்டினார். மேனகாவுக்கு வயிறு எரிந்தது.

மெஹ்ரின் அட்டையை மட்டும்தான் சரிபார்த்திருந்தாள். உள்ளே ‘கொடி’ என்று வரவேண்டிய இடமெல்லாம் கொம்பு முன்னால் போய்த் தனியே நின்றதை மேனகா பார்த்துவிட்டாள். மெஹ்ரின் பேர் கெடட்டும் என்று வாய் திறக்காமல் வளப்பூர் பஸ் ஏறினாள். வழியெல்லாம் சந்தோஷமாகத்தான் இருந்தது. வீட்டில் சாப்பிட உட்கார்ந்தபோதுதான், கடைசிப் பக்கத்தில் ‘வடிவமைப்பு: மேனகா’ என்று இருப்பது நினைவுக்கு வந்தது.

மறுநாள் முதல் பஸ்ஸில் போய், “கொம்பெல்லாம் இடம் மாறிக் கெடக்குது பாரு கண்ணு,” என்றாள்.

“நல்லவேளை சொன்னீங்கக்கா!”

அந்த நன்றியும் மேனகாவுக்கு இனிக்கவில்லை. தவறைக் கண்டது அவள்தான். அதைத் திருத்தும் வழி மெஹ்ரினுக்குத்தான் தெரிந்திருந்தது.