காட்டுப்பாக்கம் போன பாதிக் காரு

கோவில்பதாகை ஜம்புலிங்கத்துக்கு மாடு பார்க்கத் தெரியும். அதில் அவனை யாரும் அடிச்சுக்க முடியாது. சுழி எங்கே இருக்கு, பல் எத்தனை போட்டிருக்கு, நடக்கும்போது பின்னங்கால் பின்னுதா என்று ஒரே சுற்றில் சொல்லிவிடுவான். ஆவடி பக்கத்தில் எவன் மாடு பிடிக்கப் போனாலும் ஜம்புலிங்கத்தை முன்னால் விட்டுக்கொண்டுதான் போவான். சரி, மாடு பார்க்கத் தெரிந்தவன் மாட்டைப் பார்த்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம் இல்லையா? தொண்ணூற்று மூன்றாம் வருஷம் ஆனி மாசம், தோளில் துண்டைப் போட்டுக்கொண்டு அம்பத்தூருக்கு வண்டி வாங்கக் கிளம்பினான் மனுஷன்.

வண்டி ஆசையெல்லாம் அவனுக்குக் கிடையாது. கத்திரிக்காயும் கீரையும் போட்டு, யார் லாரியிலாவது ஏற்றி அனுப்பி, டிராக்டர் வாடகைக்கு ஓட்டிப் பிழைக்கிறவன். எல்லாம் பெண்டாட்டி வரலட்சுமி போட்ட சபதம்.

வரலட்சுமி காட்டுப்பாக்கத்துப் பெண். அப்பன் ஆத்தா போய்ச் சேர்ந்த பிறகு அந்த வீட்டுக்குப் பெரிய தலை அவளுடைய பெரியப்பா வீரராகவன். பதினோரு வருஷத்துக்கு முன்னால் அவர் மகள் கல்யாணத்துக்குப் போக பஸ் கிடைக்காமல், அந்த வழியாகப் போன காய்கறி லாரியில் மூட்டை மேல் உட்கார்ந்து போய்ச் சேர்ந்தாள். பந்தல் வாசலில் ஊரே நிற்கிறது. பெரியப்பா நிமிர்ந்து பார்த்தார். "மூட்டையெல்லாம் பின்வாசலாண்ட எறக்குங்கப்பா" என்றார். பந்தல் மொத்தமும் சிரித்தது. வரலட்சுமி இறங்கவில்லை. கட்டிய பட்டுப் புடவையோடு அதே லாரியில் திரும்பிவிட்டாள். திரும்புவதற்கு முன்னால், இனிமேல் இந்த வாசலுக்கு வந்தால் சொந்தக் காரில்தான் வருவேன் என்று எல்லார் காதிலும் விழுகிற மாதிரி சொல்லிவிட்டுத்தான் வந்தாள்.

கத்திரிக்காய்க்காரன் பெண்டாட்டிக்கு சபதம் போட வேறு சாமானா கிடைக்கவில்லை? மாட்டு வண்டி என்று சொல்லியிருந்தால் மறுநாளே முடிந்திருக்கும். வாயில் வந்தது கார். வந்த வார்த்தையை விழுங்குகிற ஜாதி இல்லை அவள்.

பதினோரு வருஷம் அந்தப் பக்கம் தலை வைத்துப் படுக்கவில்லை. இப்போது தம்பி மணவாளனுக்குக் கல்யாணம் வந்துவிட்டது. தாயில்லாத வீட்டில் அவள் இடுப்பிலேயே வளர்ந்தவன். அவர்கள் வழக்கத்தில் மாப்பிள்ளை தாலிக்கு ஒரு முடிச்சுத்தான் போடுவான். மற்ற இரண்டையும் கூடப் பிறந்தவள் போட வேண்டும். மணவாளன் பத்திரிகையோடு வந்து, அக்கா கை படாமல் தாலியையே தொடமாட்டேன் என்று சொல்லிவிட்டுப் போனான். அவ வராட்டி என் மக போட்டுட்டுப் போறா என்று பெரியப்பா ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தார். வரலட்சுமி மூன்று நாள் எல்லாருக்கும் சோறு போட்டாள், தான் சாப்பிடவில்லை. நாலாம் நாள் ஜம்புலிங்கம் கறவை மாடு இரண்டையும் விற்றான்.

அம்பத்தூர் எஸ்டேட்டுக்குப் பின்னால் புரோக்கர் பால்ராஜ் முள்வேலிக்குள் ஒன்பது வண்டி நிறுத்தியிருந்தான். அதில் எட்டு, மாடு விற்ற காசுக்குக் கிட்டேயே வராது. ஒன்பதாவதுதான் அது. முன்பாதியைப் பார்த்தால் ஜீப்பு, நாலு கதவு, இரண்டு வரிசை சீட்டு, நல்ல உயரம். பின்பாதியைப் பார்த்தால் திறந்த லாரித் தொட்டி. ஏதோ கம்பெனியில் காடு மேடெல்லாம் ஓட்டிவிட்டுக் கழித்துக் கட்டியது. "முன்னாடி குடும்பம், பின்னாடி யாவாரம். ஒரு ஸ்டியரிங்கு, ரெண்டு வண்டி அண்ணாத்தே" என்றான் பால்ராஜ்.

ஜம்புலிங்கம் மூன்று சுற்று சுற்றி வந்தான். இரண்டு விளக்குக்கும் நடுவில் ஒரு நசுங்கல் இருந்தது. நெற்றியில் ஒற்றைச் சுழி, குடும்பத்துக்கு ஆகும் என்று தலையை ஆட்டிக்கொண்டான். பக்கக் கண்ணாடியைக் காதைப் பிடிக்கிற மாதிரி பிடித்து இழுத்துப் பார்த்தான். பத்து அடி நடத்திக் காட்டச் சொன்னான். பால்ராஜ் இருபது அடி ஓட்டிக் காட்டினான். பின்னங்கால் பின்னவில்லை. அதோடு பரீட்சை முடிந்தது. பானெட்டைத் திறக்கட்டுமா என்று பால்ராஜே கேட்டும், உயிரோட கீறதை எதுக்கு அறுத்துப் பார்க்கணும் என்றுவிட்டான்.

விலை பேசியதுதான் கூத்து. மாட்டுத் தரகில் விலையை வாயால் சொல்ல மாட்டார்கள். துண்டுக்குள் கையை விட்டு, விரலைப் பிடித்துத்தான் பேசுவார்கள். ஜம்புலிங்கம் அதே வழக்கத்தில் பால்ராஜ் கைமேல் துண்டைப் போட்டு மூடி, உள்ளே விரலைப் பிடித்தான். பால்ராஜுக்கு வேர்த்துவிட்டது. முன்பின் தெரியாத ஆள் பட்டப்பகலில் கையைத் துண்டால் மூடி, கண்ணைப் பார்த்துக்கொண்டே விரல் விரலாக அமுக்கினால் எவனுக்குத்தான் வேர்க்காது? கையை உருவிக்கொண்டால் போதும் என்று எல்லாவற்றுக்கும் சரி, சரி என்றான். எவ்வளவுக்கு முடிந்தது என்று இரண்டு பேருக்குமே தெரியவில்லை. அப்புறம் டீக்கடையில் உட்கார்ந்து வாயால் பேசித்தான் தீர்த்தார்கள்.

வண்டியின் வலப்பக்கப் பின்கதவை யாரோ பற்றவைத்து அடைத்திருந்தார்கள். இடப்பக்கப் பின்கதவு திறக்கும், ஆனால் மனசு வைத்தால்தான் திறக்கும். கீழே ஒரு உதை விட்டு மேலே ஒரு தூக்குத் தூக்க வேண்டும். பால்ராஜ் எதையும் மறைக்கவில்லை. முரட்டு மாட்டுக்கு ஒரு பழக்கம் இருக்கத்தானே செய்யும் என்று ஜம்புலிங்கமே அவனுக்கு சமாதானம் சொல்லிவிட்டு ஓட்டிக்கொண்டு வந்தான்.

வரலட்சுமி வாசலில் நின்று முன்னாலிருந்து பார்த்தாள். முகம் மலர்ந்தது. பின்பக்கம் போய்ப் பார்த்தாள். முகம் விழுந்துவிட்டது.

"இது காராய்யா?"

"நீ உக்கார்ற இடம் காரு."

"பார்க்கிறவன் இன்னா சொல்லுவான்?"

ராவெல்லாம் யோசித்து மறுநாள் அவளே ஒரு தீர்மானத்துக்கு வந்தாள். கார் வைத்திருக்கிறவர்கள் பின்சீட்டில்தான் உட்காருவார்கள், அதனால் அவள் பின்சீட்டில் உட்காருவாள். தொட்டியைத் தார்ப்பாய் போட்டு மூடிவிட வேண்டும். முக்கியமாக, தொட்டியில் ஒரு முருங்கைக்காய்கூட ஏற்றக் கூடாது. ஜம்புலிங்கம் அவள் தலையில் கை வைத்துச் சத்தியம் பண்ணினான்.

ஆவணி மாசம், கல்யாணத்தன்று விடியற்காலையில் எழுந்து, அவள் குளிக்கப் போன நேரம் பார்த்து நாலு மூட்டை கத்திரிக்காயைத் தொட்டியில் ஏற்றித் தார்ப்பாயால் மூடினான் பாவி. மச்சான் கல்யாணம், பந்திக்கு ஆகுமே என்ற நல்லெண்ணம்தான். அதோடு வெறும் வண்டி ஓட்டுவது அவன் வம்சத்திலேயே வழக்கமில்லை.

ஆவடி, பூந்தமல்லி என்று டிராக்டர் ஓட்டுகிற வேகத்தில் ஓட்டிப் போய்க் காட்டுப்பாக்கத்துப் பந்தல் வாசலில் நிறுத்தினான். முகூர்த்தம் முடிய அரைமணி இருந்தது. வரலட்சுமி பின்சீட்டில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள். ஜன்னல் கண்ணாடியை இறக்கிவிட்டிருந்தாள், ஊர் பார்க்க வேண்டுமே. ஊரும் பார்த்தது. அக்கா காரில் வந்துவிட்டாள் என்று மணவறையில் இருந்த மணவாளன் எழுந்தே நின்றுவிட்டான். பெரியப்பா வீரராகவன் மட்டும் வண்டியை ஒரு சுற்று சுற்றி வந்து, இது லாரி, இதுல வந்தா சபதம் செல்லாது என்றார்.

காருதான் என்று பாதிப் பேர். லாரிதான் என்று மீதிப் பேர். கல்யாணப் பந்தலில் தாலியை விட்டுவிட்டு இதைப் பேசிக்கொண்டு நிற்கிறார்கள். பெண்ணுக்கு மாமன் நாகேந்திரன் ஆவடி டாங்கி ஃபேக்டரியில் வேலை பார்க்கிறவர், நாலு பேருக்கு நியாயம் சொல்லக்கூடியவர். அவர் கையில் கிடைத்த உபரி மாலையை நீட்டிப் பிடித்து வண்டியை அளந்தார். ஆள் உட்காருகிற பக்கம் தொட்டியைவிட நாலு விரல் கூட இருந்தது. ஆகையால் கார் என்று தீர்ப்புச் சொன்னார். வரலட்சுமி சிரித்தாள். அந்தச் சிரிப்பைப் பார்க்கவே இன்னும் இரண்டு மாடு விற்கலாம் என்று ஜம்புலிங்கத்துக்குத் தோன்றியது.

பெரியப்பா விடுவாரா? விறுவிறுவென்று பின்னால் போய்த் தார்ப்பாயைத் தூக்கினார். நாலு மூட்டையும் நாலு பேர் மாதிரி உட்கார்ந்திருந்தன. "இன்னிக்கும் மூட்டையோடதான் வந்துகீறா. பின்வாசலாண்ட எறக்குங்கப்பா" என்றார். அதே குரல், அதே வார்த்தை. பந்தல் மறுபடியும் சிரித்தது.

ஜம்புலிங்கத்துக்கு அப்போதே செத்துவிடலாம் போல இருந்தது. பெண்டாட்டி முகத்தைப் பார்க்கத் தைரியம் இல்லாமல், தலையைக் குனிந்தபடி ஓடிப் போய்க் கதவைத் திறந்தான். திறக்கவில்லை. கீழே உதைத்தான், மேலே தூக்கினான். அசையவில்லை. நாலு பேர் சேர்ந்து இழுத்தார்கள். பந்தல்காரன் கடப்பாரையோடு வந்தான், பெயிண்ட் போயிடும் என்று ஜம்புலிங்கம் குறுக்கே விழுந்து தடுத்தான். முன்சீட்டைத் தாண்டி வரச் சொன்னார்கள். பட்டுப் புடவையோடு குரங்கு மாதிரி தாண்ட மாட்டேன் என்றாள். பின்கண்ணாடி வழியாகத் தொட்டியில் இறங்கலாம் என்று ஒருவன் யோசனை சொன்னான். அவனை அவள் பார்த்த பார்வையில் அவன் பந்திக்கே போய்விட்டான்.

ஐயர் நேரம் போகிறது என்றார். பெரியப்பா தன் மகளைக் கூப்பிட்டார். மணவாளன் தாலியைத் தட்டில் வைத்துவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டான். அக்கா இங்க வர முடியலன்னா வண்டியே வரட்டும், இல்லாட்டி கல்யாணம் வேணாம் என்றான்.

அப்புறம் நடந்ததை, பார்க்காதவனிடம் சொன்னால் இன்றைக்கும் நம்ப மாட்டான். வாசலில் கட்டியிருந்த வாழை மரம் இரண்டையும் பிடுங்கினார்கள். நாற்காலியெல்லாம் ஒதுக்கினார்கள். ஜம்புலிங்கம் ஸ்டார்ட் பண்ணப் போனான். அதுவரை ஓமப் புகையிலேயே உட்கார்ந்திருந்த ஐயர், டீசல் புகை ஆகாது என்றுவிட்டார். தள்ள வேண்டியதாயிற்று. வாலிபர்கள் பாதிப் பேர் பந்தல் துணியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றதால் பின்னால் தள்ள ஆள் போதவில்லை. பெண்ணின் அப்பா வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு கை கொடுத்தார். சம்பந்தி தள்ளும்போது பெரியவர் சும்மா நிற்க முடியுமா? வீரராகவனும் வந்து தொட்டியின் பின்பலகையில் கை வைத்தார். மூக்குக்கு நேரே கத்திரிக்காய் மூட்டை. மூச்சிரைக்க, பட்டு அங்கவஸ்திரம் புழுதியில் புரள, மூட்டையோடு சேர்த்து வரலட்சுமியைப் பந்தலுக்குள் தள்ளிக்கொண்டு போனார்.

வண்டி மணவறை ஓரமாக நின்றது. பெண் வனஜா ஜன்னலுக்கு முதுகைக் காட்டி நின்றாள். மணவாளன் ஒரு முடிச்சுப் போட்டான். ஜன்னல் வழியாக வளையல் போட்ட இரண்டு கை வெளியே வந்து, நிதானமாக, மீதி இரண்டு முடிச்சையும் போட்டது. கெட்டிமேளம் கொட்டியது. மணவாளன் அழுதான். வரலட்சுமி ஜன்னலுக்கு வெளியே எட்டி அவன் கண்ணைத் துடைத்துவிட்டாள்.

அவளுக்கு இலையும் வண்டிக்குள்ளேயே போயிற்று. பரிமாறும்போது வீரராகவன் ஜன்னலருகே வந்து, வேர்வையைத் துடைத்துக்கொண்டு, "எறங்கி வாம்மா வரலட்சுமி" என்றார். பதினோரு வருஷத்தில் முதல் தடவை. "கதவு தொறக்கல பெரியப்பா" என்று சொல்லிவிட்டு அவள் பாயசம் கேட்டாள்.

மூட்டையைச் சமையல்காரர்கள் இறக்கிக் காயைக் கொட்டிக்கொண்டு வெறும் சாக்கைத் தொட்டியில் போட்டார்கள். திரும்பும்போது பூந்தமல்லி தாண்டும் வரை ஜம்புலிங்கம் பின்சீட்டுப் பக்கம் தலையைத் திருப்பாமலே ஓட்டினான். அவள் தலையில் கை வைத்துப் பண்ணின சத்தியம் அவன் தலைக்கு மேலே தொங்கிக்கொண்டிருந்தது. அவள் நிறுத்தச் சொன்னாள். போச்சு, இங்கேதான் பூசை என்று பயந்துகொண்டே நிறுத்தினான்.

அவள் ஜன்னலோரம் இருந்த கறுப்புக் குமிழை இரண்டு விரலால் மேலே இழுத்தாள். டக்கென்று பூட்டு விட்டது. முழங்காலால் ஒரு தள்ளுத் தள்ளினாள், கதவு திறந்துகொண்டது. இறங்கி நின்றாள்.

ஜம்புலிங்கம் அவளைப் பார்த்தான், கதவைப் பார்த்தான்.

"அப்ப கதவு?"

"கதவுக்கு இன்னா, நல்லாத்தான் கீது. அவரு மூட்டைன்னு சொன்னாரு, குமிழை அமுக்கிட்டேன். பதினோரு வருசம் நான் வெளிய நின்னேன். ஒரு அரைமணி அவங்க நிக்கட்டுமே."

சொல்லிவிட்டுப் பின்னால் போய்ப் பின்பலகையை இறக்கினாள். சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு தொட்டியில் ஏறி, சாக்கை உதறிப் போட்டு அதன் மேல் சப்பணம் கொட்டி உட்கார்ந்தாள். ஜம்புலிங்கம் பதறிப் போய், முன்னால் வந்து உட்காரச் சொன்னான், யாராவது பார்த்தால் என்ன ஆவது என்றான்.

"மூட்டை மேல உக்கார எனக்கு இன்னாய்யா வெக்கம்? நம்ம காயி. அவரு ஊரை சிரிக்க வெச்சாரே, அதான். உள்ள காத்தே வர்ல, நீ வண்டிய எடு."

அவன் வண்டியை எடுத்தான். பருத்திப்பட்டு வரும்போது பக்கக் கண்ணாடியில் பார்த்தான். அவள் தலைப்பூவைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு, தலைமுடி பறக்க, எதிரே வருகிற வண்டிக்காரர்களையெல்லாம் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். கண்ணில் தண்ணீர் வழிந்துகொண்டிருந்தது, துடைக்கவில்லை. ஜம்புலிங்கம் வேகத்தை இன்னும் கொஞ்சம் குறைத்துக்கொண்டான்.