பச்சை ஓலைக் குடிசை

பொதட்டூர்பேட்டையில் தங்கச்சி வீட்டுக்குள் நுழைந்ததும் பச்சைத் தென்னை ஓலை வாசனை அடித்தது. பெரியவளான அவள் மகளுக்கு அன்று மஞ்சள் நீராட்டு.

எனக்கும் பதிமூன்று வயதில், திருத்தணி வீட்டில் இப்படித்தான் குடிசை கட்டினார்கள். கட்டியவர் அம்மாவின் தம்பி, முப்பது வயது. உள்ளே உளுந்தங்களியை விழுங்கிக்கொண்டிருந்தேன். நைனாவின் தறி திடீரென்று நின்றது. மாமாவின் குரல் கேட்டது.

"இவ படிச்சது போதும் பாவா. தை மாசம் கல்யாணத்த வெச்சிக்கலாம்."

"ஆங்," என்றார் நைனா. தறி மறுபடி ஓடியது.

சடங்கன்று மாமா மாலையோடு வந்தபோது நான் தலை குனியவில்லை. "எனக்கு இவரு வேணாம்," என்று எல்லோர் முன்னாலும் சொன்னேன். அம்மா அறைந்தாள். மாமா சிரித்தார்.

"வுடுக்கா. சின்னவ இருக்கா இல்ல?"

பந்தல் காலைப் பிடித்துச் சுற்றிக்கொண்டிருந்த தங்கச்சிக்கு எட்டு வயது. அவர் ஆறு வருஷம் காத்திருந்து அவளைக் கட்டிக்கொண்டார். நான் அப்போது அரக்கோணம் ஹாஸ்டலில் படித்துக்கொண்டிருந்தேன்.

இப்போது அவள் மகள் குடிசைக்குள்ளிருந்து என் கையைப் பிடித்தாள்.

"பெரிம்மா, அப்பா யாரையோ இட்டுகினு வந்துகிறாரு. அந்தாளு என்னையே பாக்கறாரு. என்னை உன்கூட கூட்டினு போறியா?"

வெளியே மாமா என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார்.

"புஸ்தகத்தெல்லாம் பையில வை," என்றேன் அவளிடம்.