ஒரு சாண் குறைந்த வாங்கு

எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் இந்த வருடம் நடந்ததை எழுதவேண்டும் என்று இருக்கும்போதெல்லாம் நான் வேறு ஏதாவது வேலையைப் பார்க்கப் போய்விடுகிறேன். நேற்று மாட்டுக்குப் புல்லுப் போட்டேன். முந்தாநாள், அடைத்து ஆறு மாதமும் ஆகாத வேலியைப் பிரித்து அடைத்தேன். நாற்பத்தாறு வயது மனிதன் தன் பிழையை எழுத இத்தனை சாக்குத் தேடுவதும் ஒரு வெட்கம்தான்.

பள்ளிக்கூடம் பெரியதல்ல. அரைச்சுவர், ஓலைக்கூரை, ஐந்து வகுப்புகள், மூன்று உபாத்தியாயர்மார். சுற்றிவரப் புகையிலைத் தோட்டங்கள். எங்கள் பிள்ளைகள் வாங்குகளில், கால் வைத்து அடித்த நீளப் பலகைகளில், இருந்து படித்தார்கள். மரமேறும் குடும்பங்களின் பிள்ளைகள் ஐந்து பேர் பின்சுவரோரம் நிலத்தில் இருந்து படித்தார்கள். நான் அங்கே படித்த காலத்தில் அவர்களுடைய இடம் சுவருக்கு வெளியே, தாழ்வாரத்தில். ஆகையால் காலம் திருந்தி வருகிறது என்றுதான் நான் எண்ணியிருந்தேன்.

மாசி மாதத்தில் அரசாங்கத்திலிருந்து கடிதம் வந்தது. எல்லாப் பிள்ளைகளுக்கும் வாங்கு கொடுக்கவேண்டும். கொடுக்காவிட்டால் பள்ளிக்கூடத்தின் பதிவை எடுத்துவிடுவார்கள். தலைமை உபாத்தியாயர் ஒரு சனிக்கிழமை காலையில் பெற்றோரைக் கூப்பிட்டு அதை வாசித்தார். வாசித்து முடியுமுன்னரே சத்தம் எழுந்தது.

"எங்கடை பிள்ளையளை நாளைக்கே மறிச்சுப்போடுவம்!"

"மறிச்சுப்போட்டு என்ன செய்யிறது? உன்ரை பெடியன் புகையிலைக்குத் தண்ணி இறைக்கவோ?"

"ஓம், இறைக்கட்டும். அவையோடை உரஞ்சிக்கொண்டு இருக்கிறதிலும் அது திறம்."

உபாத்தியாயர் கடிதத்தை மடிப்பதும் விரிப்பதுமாக நின்றார். எனக்குப் பயம் பிடித்தது. என் மகள் நாலாம் வகுப்பு. பள்ளிக்கூடம் மூடினால் அவளுடைய படிப்புக் குழம்பும். மூடாமல் நடந்து, அவள் மட்டும் போய் அவர்களோடு இருந்தாள் என்றாலோ நாளைக்கு அவளுக்கு ஒரு சம்பந்தம் பேசும்போது அது முன்னுக்கு வந்து நிற்கும். எனக்கு அப்போது இருந்த யோசனை இவ்வளவுதான். நியாயம், அநியாயம் என்று நான் நினைத்துப் பார்த்ததாக இப்போது சொன்னால் அது பொய்.

நான் யாழ்ப்பாணத்தில் வழக்குப் பேசும் ஒரு பிரக்கிராசியாரிடம் இருபது வருடமாகக் கிளாக்கர். உறுதிகளும் வழக்குத் தாள்களும் எழுதி எழுதி, ஒரு தாளில் என்ன இருக்கிறது என்பதிலும் என்ன இல்லை என்பதையே முதலில் பார்க்கும் கண் எனக்கு வந்துவிட்டது. கடிதத்தைக் கையில் வாங்கிப் பார்த்தேன்.

"வாங்கு குடுக்கச் சொல்லியிருக்கு. எவ்வளவு உயரம் எண்டு சொல்லேல்லை," என்றேன்.

கொஞ்ச நேரம் ஒருவருக்கும் விளங்கவில்லை. பிறகு ஒருவர் சிரித்தார். அதன் பின் எல்லோரும் சிரித்தார்கள். "ஒரு சாண் குறைச்சு அடிச்சுப்போட்டால் சரி! அவைக்கும் வாங்கு, எங்களுக்கும் மரியாதை!" என்று என் முதுகில் தட்டினார்கள். "இதுக்குத்தான் கிளாக்கர் மாதிரிப் படிச்ச ஆக்கள் ஊரிலை இருக்கோணும்." உபாத்தியாயர் மட்டும் சிரிக்கவில்லை. ஆனால் அவரும் பெருமூச்சு விட்டுக் கடிதத்தைச் சட்டைப்பைக்குள் வைத்தார். பள்ளிக்கூடம் தப்பியது என்று அவருக்கு ஆறுதல். அன்று மத்தியானம் நான் இரண்டு முறை சோறு வாங்கிச் சாப்பிட்டேன்.

பனம் பலகையில் இரண்டு வாங்குகள் வந்தன. தச்சர் அளவைக் கேட்டபோது, "சின்னப் பிள்ளையளுக்கோ?" என்றார். "ஓம்," என்றேன்.

நிலத்தில் இருந்த அந்த ஐந்து பேரில் நாலாம் வகுப்புக்குரியவள் ஒரு பெண்பிள்ளை. என் மகளைவிட ஒரு பிடி உயரம். அந்த வாங்கில் இருந்தால் அவளுடைய முழங்கால்கள் நாடியில் வந்து முட்டும். பலகைச் சிலேட்டை மடியில் வைக்க இடமில்லாமல் பக்கத்தில் வைத்து, உடம்பைத் திருகிக்கொண்டு எழுதுவாள். முதல் நாள் நான் அரைச்சுவருக்கு வெளியே நின்று பார்த்தேன். அவளுடைய தகப்பனும் வேலிக்கு அப்பால் நின்று பார்த்துக்கொண்டிருந்தான். கள்ளுச் சீவும் ஆள், இடுப்பில் கத்திக்கூடு. என்னைக் கண்டதும் தோளில் கிடந்த துண்டை எடுத்துக் கக்கத்தில் வைத்தான்.

"நயினார்தான் கதைச்சு எடுத்துத் தந்ததாம். வாத்தியார் சொன்னவர். என்ரை பிள்ளை வாங்கிலை இருக்கிறதை நான் காணுவன் எண்டு நினைக்கேல்லை."

அவன் கண் கலங்கியிருந்தது. நான் தலையை ஆட்டினேன். அவனை மறுத்து ஒரு சொல் சொல்லவில்லை. "நல்லாப் படிக்கச் சொல்லு," என்றுகூடச் சொன்னேன்.

இரண்டு கிழமை கழித்து என் மகள் சாப்பிட்டுக்கொண்டே சொன்னாள்: "ஐயா, அவள் எழும்பி நிண்டால் என்னைவிட உயரம். இருந்தாளெண்டால் என்ரை தோளுக்குக் கீழை. சரியான பகிடி. எல்லாரும் 'தவளை'யெண்டு கூப்பிடுகினம்."

"நீயும் கூப்பிடுறனியோ?"

"ஓம்," என்றாள், மீன் முள்ளைப் பிரித்துக்கொண்டு.

நான் அவளை ஏசவில்லை. எந்த வாயால் ஏசுவது?

ஆனி மாதம் பள்ளிக்கூடங்களைப் பரிசோதிக்கும் வித்தியாதரிசி வந்தார். அன்று பள்ளிக்கூடத்துக்குத் தோரணம் கட்டி, முற்றத்தில் வெள்ளை மணல் பரப்பியிருந்தோம். பெற்றோரில் பத்துப் பன்னிரண்டு பேர் வெள்ளை வேட்டியும் சால்வையுமாகச் சுவரோரம் நின்றோம். அவர் நாலாம் வகுப்புக்கு வந்து ஒரு மனக்கணக்குக் கேட்டார். ஒரு வரிசையில் இருபத்தேழு புகையிலைக் கன்று. பதினாறு வரிசைக்கு எத்தனை? எங்கள் பிள்ளைகள் விரலை மடிக்கத் தொடங்கினார்கள். பின்னாலிருந்து, "நானூற்றி முப்பத்திரண்டு," என்று குரல் வந்தது.

"ஆர் சொன்னது? எழும்பு பாப்பம்."

அவள் எழுந்தாள். அவர் சிரித்தார். "கெட்டிக்காரி. முன்னுக்கு வந்து, இந்த வாங்கிலை இருந்து, செய்த விதத்தை எழுதிக் காட்டு."

அவர் காட்டியது என் மகள் இருந்த வாங்கு. அந்தப் பிள்ளை சிலேட்டோடு முன்னுக்கு வந்து, நுனியில் இருந்தாள். இருந்ததுதான் தாமதம், என் மகள் எழுந்தாள். அவளைப் பார்த்து அடுத்தவள் எழுந்தாள். பிறகு வாங்கு முழுவதும். புகையிலைக்கு நீர் இறைக்கும் துலாவின் சத்தம் மட்டும் கேட்டது.

வித்தியாதரிசி பிள்ளைகளைப் பார்த்தார். பிறகு பின்னுக்குப் போய், அந்தச் சின்ன வாங்கின் உயரத்தைத் தன் கையால் சாண் போட்டுப் பார்த்தார்.

"இது ஆருடைய யோசனை?" என்று கேட்டார்.

தலைமை உபாத்தியாயர் ஒரு கணம் என் பக்கம் பார்த்தார். நான் மணலைப் பார்த்தேன். என் செருப்பின் வார் ஒன்று தேய்ந்திருந்தது என்பதை அப்போதுதான் கண்டேன்.

"என்ரை பிழைதான், ஐயா," என்றார் உபாத்தியாயர்.

அவ்வளவு நேரமும் அந்தப் பிள்ளையை இருக்கச் சொல்லவோ போகச் சொல்லவோ ஒருவரும் இல்லை. அவள் தானாக எழுந்து பின்னுக்கு நடந்தாள். சின்ன வாங்கைத் தாண்டிப் போய், சுவரோரம், பழைய இடத்தில், நிலத்தில் இருந்தாள்.

அன்று வீட்டில் மகளைக் கேட்டேன், ஏன் எழும்பினாய் என்று.

"அவளோடை இருந்தனான் எண்டு அறிஞ்சால் அம்மா கிணத்தடியிலை தலையிலை தண்ணி வாத்துப்போட்டுத்தானே உள்ளுக்கு விடுவா." கொஞ்சம் யோசித்துவிட்டு, "எழும்பினது பிழையோ, ஐயா?" என்றாள்.

"சாப்பிடு," என்றேன்.

உபாத்தியாயரின் பதிவேட்டில் ஒரு கறை எழுதப்பட்டது. பதினெட்டு வருடத்தில் முதல் கறை. நான்கு நாளுக்குள் சின்ன வாங்குகளின் காலுக்குக் கட்டை வைத்து அடித்து உயர்த்தினார்கள். எங்கள் ஆட்களும் முணுமுணுத்துக்கொண்டு அடங்கிப்போனார்கள். மற்ற நான்கு பிள்ளைகளும் வந்தார்கள். அந்தப் பெண்பிள்ளை வரவில்லை. ஒரு கிழமை போனது, இரண்டு கிழமை போனது. மூன்றாம் கிழமை நான் பனங்கூடலுக்குள் நடந்து அவர்களுடைய குடிசைக்குப் போனேன். அந்தப் பக்கம் நான் அதற்கு முன் போனதில்லை.

தகப்பன் மரத்தால் இறங்கி வந்தான். மரமேறப் பூட்டிய தளைநாரைக் காலிலிருந்து கழற்றியபடியே, "என்ன நயினார், இவ்வளவு தூரம்?" என்றான்.

"பிள்ளையை அனுப்பு. இப்ப எல்லா வாங்கும் ஒரே உயரம்."

"தெரியும், நயினார். அவளுக்கும் தெரியும்."

"பிறகென்ன?"

அவன் தளைநாரைச் சுற்றி மரத்தடியில் வைத்தான். "முதல் நாள் நான் வேலிக்கு வெளியாலை நிண்டு பாத்துச் சந்தோசப்பட்டன். வீட்டை வந்து அவளுக்கும் சொன்னன், 'பாத்தியே, உனக்கு வாங்கு'. அவள் ஒண்டும் கதைக்கேல்லை. அண்டைக்கே அவளுக்கு விளங்கிப்போச்சு. எனக்குத்தான் விளங்கேல்லை. அவள் அதைச் சொல்லிச் சொல்லி அழுதவள், நயினார். தன்னை நினைச்சில்லை. அப்பன் அங்கை நிண்டு சிரிச்சதை நினைச்சு."

வழி முழுக்கச் சொல்லிச் சொல்லிப் பழகிக்கொண்டு போன வசனங்கள் ஒன்றும் வரவில்லை. "உந்த உயரத்தைக் குறைக்கச் சொன்னது வாத்தியார் இல்லை. நான்தான்," என்றேன்.

"ஓம், நயினார்," என்றான் அவன்.

அவனுக்கு முன்னமே தெரியுமா, அல்லது நான் எதைச் சொன்னாலும் ஓம் என்று சொல்லித்தான் அவனுக்குப் பழக்கமா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. அவன் கோபித்திருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும். அந்த ஆறுதலைத் தேடித்தான் போனேனோ என்றும் பிறகு தோன்றியது.

"அவள் மூண்டு மைல் தள்ளி இருக்கிற மிசன் பள்ளிக்கூடத்துக்குப் போறாள்," என்றான். "தானே போய் விசாரிச்சவள். அங்கை பாய்தானாம். எல்லாருக்கும் பாய்."

அவள் குடிசைக்குள் இருந்தாள் என்று நினைக்கிறேன். வெளியே வரவில்லை.

இப்போது காலையில் நான் சைக்கிளில் யாழ்ப்பாணம் போகும்போது அவளைச் சில நாள் எதிரே காண்கிறேன். சிலேட்டை நெஞ்சோடு அணைத்தபடி வேகமாக நடந்து வருவாள். என்னைக் கண்டதும், எங்கள் ஆட்களுக்கு அவர்கள் விலகும் வழக்கப்படி, வீதியை விட்டு இறங்கி நாயுருவிப் பற்றைக்குள் நின்று, நான் போகுமட்டும் நிலத்தைப் பார்ப்பாள். இறங்கவேண்டாம் பிள்ளை, நீ நடந்து போ என்று சொல்லவேண்டும் என்று ஒவ்வொரு நாளும் நினைக்கிறேன். பின்னால் யாராவது வருகிறார்களா என்று திரும்பிப் பார்ப்பதற்குள் அவளைக் கடந்துவிடுகிறேன். அவர்களை விலகச் சொல்லி மணி அடிப்பதை மட்டும் நிறுத்தியிருக்கிறேன்.